தலைப்பாகையும் துப்பாக்கியும்

கேள்வி: ஷியா மதகுருமார்களுக்கு மார்க்கமும் போரும் ஒன்றுதானே? ஆப்கானிஸ்தானின் மதகுரு அப்துல் அலி மசாரியை, அங்கே பெரும்பாலும் ஷியாக்களான ஹசாரா சிறுபான்மை மக்கள் 'பாபா' (தந்தை) என்று போற்றுகிறார்கள். 1990களில் காபூலைச் சுடுகாடாக்கிய படைத்தலைவர்களில் அவரும் ஒருவர் அல்லவா? அவர் தியாகியா, குற்றவாளியா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: கேள்வியின் முதல் வரியை நான் ஏற்கவில்லை. மசாரி படைத்தலைவரான காலத்தில் ஆப்கான் ஷியாக்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றியது ஈராக்கின் நஜஃபில் இருந்த ஆயத்துல்லா கூயியை. ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், ஆட்சியைக் கையில் எடுப்பதை ஏற்காமல், அரசியலிலிருந்து விலகியே வாழ்ந்து 1992இல் மறைந்த மூத்த அறிஞர் அவர். 1979இல் மத்திய மலைநாடான ஹசாராஜாத் காபூல் அரசின் பிடியிலிருந்து விடுபட்டதும் அங்கே முதலில் நிர்வாகம் அமைத்த சையித் அலி பெஹெஷ்தியும் நஜஃபில் படித்த மதகுருதான். அந்த நிர்வாகத்தை 1980களின் தொடக்கத்தில் ஆயுத பலத்தால் வீழ்த்தியவை ஈரானின் ஆதரவு பெற்ற இளைய மதகுருமார்களின் இயக்கங்கள். அவற்றுள் முக்கியமான நஸ்ர் அமைப்பின் தலைவர்களில் ஒருவர் மசாரி. ஆக, அவரது இயக்கம் தொடக்கத்திலேயே எதிர்த்து நின்றது தன்னைப் போன்ற இன்னொரு ஷியா மதகுருவின் ஆட்சியை. மார்க்கம் ஒன்றே அவரைப் போருக்கு அனுப்பியது என்றால், அதே மார்க்கத்தைக் கற்றவர்கள் ஏன் எதிரெதிர் அணியில் நின்றார்கள் என்பதற்கு நீங்கள் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

அவரைப் படைத்தலைவராக்கியது எது என்று தேடினால் ஹசாரா மக்களின் வரலாற்றுக்குத்தான் போக வேண்டும். 1891 முதல் 1893 வரை அமீர் அப்துர் ரஹ்மான் கான் ஹசாராஜாத்தின் மீது நடத்திய போரில் அம்மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர், அல்லது நாட்டைவிட்டு ஓடினர். மேய்ச்சல் நிலங்கள் பஷ்தூன் நாடோடிகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஆண்களும் பெண்களும் காபூல் சந்தையில் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1920களில் மன்னர் அமானுல்லா அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்த பிறகும், தலைநகரில் ஹசாரா என்றால் முதுகில் கயிறு கட்டி மூட்டை சுமப்பவர், கைவண்டி இழுப்பவர், வீட்டுவேலை செய்பவர் என்பதே பல பத்தாண்டுகளுக்கு நிலைமை. மசார்-இ-ஷரீஃபுக்குத் தெற்கே சார்கிந்த் மலைப்பகுதியில் 1946இல் பிறந்து, ஊர் மதரஸாவில் தொடங்கி ஈரானின் கும் நகரத்திலும் நஜஃபிலும் மார்க்கக் கல்வி பயின்ற இந்த இளைஞர் இவற்றையெல்லாம் அறிந்தே வளர்ந்தார். சோவியத் எதிர்ப்புப் போர்க்காலத்தில் தந்தையையும் சகோதரரையும் பறிகொடுத்தார்.

அதைவிடப் பெரிய காயம் 1989இல் விழுந்தது. சோவியத் படை வெளியேறியபோது, அதை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன் அமைப்புகள் பாகிஸ்தானில் கூடி ஓர் இடைக்கால அரசை அறிவித்தன. அதில் ஷியா கட்சிகளுக்கு இடமே இல்லை. பத்தாண்டு போரிட்டவர்களை விருந்துக்கு அழைக்காமல் விட்டதைப் போன்ற அந்தப் புறக்கணிப்புதான், ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த ஹசாரா குழுக்களை ஒரே ஆண்டுக்குள் ஹசாராஜாத்தின் பாமியானில் ஒன்றாக உட்கார வைத்தது. அப்படிப் பிறந்த ஹிஸ்பே வஹ்தத் கட்சியின் முதல் பொதுச்செயலாளர் மசாரி. அதன் கோரிக்கைகள் என்னென்ன? அரசில் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு, ஷியாக்களின் ஜஃபரி சட்டநெறிக்கு அங்கீகாரம், கூட்டாட்சி. கட்சியின் மத்தியக் குழுவில் பெண்களுக்கும் இடம் இருந்தது. அன்றைய முஜாஹிதீன் கட்சிகளில் இது அரிதிலும் அரிது. ஒரு மதகுருவின் கட்சி என்பதற்காக இவற்றை நாம் பார்க்க மறுத்தால் அது நேர்மை ஆகாது.

இனி நீங்கள் கேட்ட காபூலுக்கு வருவோம். 1992 ஏப்ரலில், சோவியத் ஆதரவில் நிலைத்திருந்த நஜிபுல்லா அரசு வீழ்ந்ததும் நகரின் மேற்குப் பகுதி வஹ்தத்தின் கைக்கு வந்தது. சில வாரங்களிலேயே, காபூலுக்கு மேற்கே பக்மானைத் தளமாகக் கொண்ட சுன்னி முஜாஹிதீன் தலைவர் அப்துல் ரசூல் சய்யாஃபின் படையோடு மோதல் மூண்டது. சண்டையைவிடக் கொடியது அதன் ஓரத்தில் நடந்த ஆள்கடத்தல். காவல் சாவடியில் பேருந்தை நிறுத்தி, முகத்தையும் பேச்சையும் வைத்து இன்னார் ஹசாரா, இன்னார் பஷ்தூன் என்று பிரித்து இறக்கினார்கள். இறக்கப்பட்டவர்களைச் சரக்குக் கண்டெய்னர்களில் அடைத்தார்கள். பலர் திரும்பவே இல்லை. இதை இரு தரப்பும் செய்தன. மசாரியின் தளபதிகளும் செய்தார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2005இல் வெளியிட்ட விரிவான அறிக்கை அதைப் பதிவு செய்திருக்கிறது. 1993 பிப்ரவரியில், அதிபர் ரப்பானியின் அரசுக்காகப் போரிட்ட தளபதி அஹ்மத் ஷா மசூதின் படைகளும் சய்யாஃபின் படைகளும் வஹ்தத்தின் தலைமையகம் இருந்த அஃப்ஷார் பகுதிக்குள் புகுந்து, பொதுமக்களை நூற்றுக்கணக்கில் கொன்றும் கடத்தியும் வீடுகளைச் சூறையாடியும் சென்றன. மசாரி தப்பிவிட்டார், அங்கே குடியிருந்தவர்கள் தப்பவில்லை. அஃப்ஷாரை நினைத்து அழுகிறவர்களின் துயரம் உண்மையானது. ஆனால் அந்தத் துயரத்தை முன்னால் நிறுத்தி, பேருந்திலிருந்து இறக்கப்பட்ட பஷ்தூன் கடைக்காரரை மறைக்க நான் உடன்பட மாட்டேன்.

காபூலின் மீது ராக்கெட் மழை பொழிந்த இன்னொரு முஜாஹிதீன் தலைவர் ஹிக்மத்யாரோடு அவர் கூட்டுச் சேர்ந்ததும் என் பார்வையில் மன்னிக்க முடியாத முடிவு. 1994இல் வஹ்தத் கட்சி பிளந்தது. கட்சியின் இன்னொரு தலைவரான அக்பரியின் அணி ரப்பானி அரசின் பக்கம் போனது. ஹசாராக்கள் ஹசாராக்களையே மேற்கு காபூலின் தெருக்களில் சுட்டுக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் தலிபான் நெருங்கியதும் ஹிக்மத்யார் தன் தளத்தை விட்டு ஓடிவிட, மார்ச் தொடக்கத்தில் மசூதின் படைகள் தாக்கத் தொடங்க, இரண்டுக்கும் நடுவே சிக்கிய மசாரி தலிபானோடு உடன்பாடு செய்துகொண்டார். பேச்சுவார்த்தைக்கு என்று காபூலுக்குத் தெற்கே சாராஸ்யாபுக்குப் போனவரைப் பிடித்துக் கட்டினார்கள். கைகள் கட்டப்பட்ட நிலையில் எடுக்கப்பட்ட அவரது படம் இன்றும் ஹசாரா வீடுகளில் இருக்கிறது. மார்ச் 13 அன்று அவர் கொல்லப்பட்டார். ஹெலிகாப்டரில் துப்பாக்கியைப் பறிக்க முயன்றார் என்பது தலிபான் சொன்ன காரணம். கஸ்னியில் கிடைத்த உடலைப் பனி மூடிய மலைப்பாதைகளில் மக்கள் தோளில் சுமந்து, ஊர் ஊராகக் கைமாற்றி, மசார்-இ-ஷரீஃபில் அடக்கம் செய்தார்கள்.

நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகவே சொல்கிறேன். பேச அழைத்துக் கைதியாக்கிக் கொன்றது குற்றம். அந்த வகையில் அவர் பலியானவர். தன் மக்களுக்கு அரசில் பங்கு கேட்டது நியாயம். 2004 அரசியல் சட்டத்தின் 131ஆம் பிரிவு ஜஃபரி சட்டநெறியை ஏற்றபோது அவர் கேட்டவற்றில் ஒன்று நிறைவேறியது. தன் கட்டளைக்குக் கீழிருந்தவர்கள் நிராயுதபாணிகளைக் கடத்தியதையும் கொன்றதையும் தடுக்காதது அவர் பொறுப்பு. மார்க்கம் கற்றவர் என்பதால் அந்தப் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லி மற்ற இரண்டை விழுங்கச் சொல்பவர்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க வேண்டிய இடம் நீதிமன்றம். அந்த நீதிமன்றம் கூடவே இல்லை. அவரைக் கொன்றவர்களும் சரி, காபூலைக் குண்டுவீசித் தகர்த்த மற்றப் பெருந்தலைவர்களும் சரி, ஒருவரும் ஆப்கான் நீதிமன்றத்தின் கூண்டில் நின்றதில்லை. 2007இல் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த பழைய தளபதிகள் தங்களுக்குத் தாங்களே பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். 2021 ஆகஸ்டில் திரும்பி வந்த தலிபான் பாமியானில் மசாரியின் சிலையைத் தகர்த்தது. கண்டெய்னர்களில் அடைக்கப்பட்டுத் திரும்பாதவர்களின் குடும்பங்கள், பஷ்தூன் ஆனாலும் ஹசாரா ஆனாலும், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருக்கின்றன.