மீன் தொட்டிக்குக் கொல்லைக் கட்டை

கேள்வி: கொல்லையில் சாய்ந்த கொய்யா மரத்தின் கிளையை மீன் தொட்டிக்குள் வைக்கலாமா? வேப்பங்கிளையும் கிடக்கிறது. கிருமிகளை அழிப்பதால் வேம்புதான் சிறந்தது என்கிறார் என் மாமனார்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கொய்யாவைத் தாராளமாக வைக்கலாம். கனமான, பிசின் வடியாத மரம் என்பதால், நம் ஊரில் எளிதில் கிடைக்கும் கட்டைகளில் இதையே நான் முதலில் சொல்வேன். ஆனால் எந்த மரம் என்பதைவிட, அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதே முக்கியம். பச்சைக் கட்டையில் மிஞ்சியிருக்கும் மரச்சாறும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து பாக்டீரியாக்களைப் பெருக்க, அவை ஆக்சிஜனைத் தின்றுதீர்ப்பதால் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். ஆகவே கிளையைச் சில மாதங்கள் வெயிலில் போட்டு, உள்வரை காய்ந்த பிறகு பட்டையை முழுவதும் உரித்து, சோப்புத்தூள் எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது கொதிக்கவையுங்கள். பின்பு வாளியில் ஊறப்போட்டு, இரண்டொரு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி வாருங்கள்; தானாக மூழ்கத் தொடங்கும்போது தொட்டிக்கு மாற்றலாம். அதுவரை பொறுமை இல்லாதவர்கள் கருங்கல்லோடு சேர்த்துக் கட்டிவிடலாம். சுண்ணாம்புக்கல் மட்டும் வேண்டாம், அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும்.

வேம்பைப் பற்றி மாமனார் சொல்வது மனிதர்களுக்குப் பொருந்தலாம். வேப்பிலைச் சாறு மீன்களுக்கு நஞ்சாவது ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. கட்டையில் அது எவ்வளவு இருக்கும் என்று சோதித்துப் பார்க்கும் இடம் உங்கள் தொட்டி அல்ல. பால் வடியும் மரம் எதையும் அண்டவிடாதீர்கள்: அரளி, கள்ளி, எருக்கு, சதுப்புநிலத்துத் தில்லை. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். பிசினுள்ள பைன், எண்ணெய் மணக்கும் யூக்கலிப்டஸ் ஆகியவையும் ஆகா. கரையானுக்கு மருந்தடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டங்களை எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் நம்ப முடியாது. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். அதை நன்னீர்த் தொட்டிக்குப் பக்குவப்படுத்துவதற்குள் இரண்டு கொய்யாக் கிளைகள் தயாராகிவிடும்.

கேள்வி: கடையில் வாங்கிய கட்டையை வைத்ததும் தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது, கட்டையின் மேல் வெள்ளையாகச் சளிபோல் படிகிறது. மீன்களுக்கு ஆபத்தா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. பழுப்பு நிறம் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளால் வருவது. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆறே இப்படித்தான் ஓடுகிறது. கார்டினல் டெட்ரா மீன்களின் சொந்த ஊர் அது. டானின் தண்ணீரைச் சற்று அமிலமாக்கும். ஆனால் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றுபவர்கள் அந்த மாற்றத்தை உணர்வதே அரிது. நிறம் பிடிக்காவிட்டால் வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், அல்லது வடிகட்டியில் செயலூட்டிய கரி (activated carbon) பையை வையுங்கள்.

வெள்ளைப் படலம் புதுக்கட்டையில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டால் போதும். சில வாரங்களில் தானாகவே நின்றுவிடும். கட்டையில் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, விரலால் அழுத்தினால் கூழாக உதிர்ந்தாலோ மட்டும் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.