பல்வலிக்கு உறக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 47 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்து, இரண்டு மணிக்கெல்லாம் எழும்பிப் போவார். மூன்று மாதமாக உறக்கம் சரியில்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் கீழ்க் கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்கிறது என்று எழும்பி உட்கார்ந்துவிடுகிறார். பகலில் அவ்வளவு வலி இல்லை. கிராம்பு எண்ணெய் வைப்பார், சில நாள் புகையிலையை அடக்கிக்கொள்வார். உறங்கினாலோ பல்லை நறநறவென்று கடிக்கிறார், குறட்டையும் பலம். காலையில் தாடை வலி, தலை பாரம். வயிற்றில் பூச்சி என்கிறார்கள். ஒரு உறக்க மாத்திரை சொல்ல முடியுமா?

பதில்: மாத்திரை சொல்ல மாட்டேன். ஒன்பது மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணிக்கு இருட்டில் பைக்கில் போய், கையில் கத்தியோடு மரத்தடியில் நிற்கப் போகிறவர் அவர். அந்த மயக்கம் அதற்குள் தெளிந்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. குறட்டை பற்றிப் பேசும்போது அதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடைவாய்ப் பல். பகலில் சும்மா இருந்துவிட்டுப் படுத்தால் தெறிக்கிற பல் என்றால், சொத்தை உள்ளே இருக்கும் கூழ் வரை போயிருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். நரம்பும் ரத்தக் குழாயும் அந்தக் கூழில்தான் இருக்கின்றன. கை காலில் அடிபட்டால் தோல் வீங்கி இடம் கொடுக்கும். பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமே கிடையாது. வீக்கத்தின் அழுத்தம் முழுக்க நரம்பின் மேல் விழுகிறது. நிற்கும்போதைவிடப் படுக்கும்போது தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடும், அதனால் ஒவ்வொரு நாடித் துடிப்பும் பல்லில் தெரியும். போதாததற்கு, ராத்திரியில் கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. அவர் எழும்பி உட்கார்ந்ததும் கொஞ்சம் அடங்குவது இதனால்தான்.

சரி, கிராம்பு எண்ணெய்? கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவுதான். அதிகம் வைத்தால் ஈறு வெந்துபோகும். புகையிலை வேண்டவே வேண்டாம். வாய்ப் புற்றுநோயை நம் ஊரில் விலை கொடுத்து வாங்குவது அப்படித்தான். அதிலுள்ள நிக்கோட்டின் உறக்கத்தையும் கெடுக்கும். அவர் புகையிலை அடக்கும் இடத்தில் வெள்ளைப் படையோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

இன்னொன்று. இந்த வலி ஒருநாள் தானாகவே நின்றுபோகலாம். "பல் சரியாகிவிட்டது" என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கும்; கிருமி வேர் வழியாக எலும்புக்கு இறங்கிக்கொண்டிருக்கும். தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டம் என்று வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அன்று ராத்திரியே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

பல்லைக் காப்பாற்ற முடிகிற நிலையில் இருந்தால் பல் மருத்துவர்கள் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்வார்கள், இல்லையென்றால் பிடுங்குவார்கள். எதுவானாலும் ஓரிரு நாளில் இந்த ராத்திரி வலி நன்றாகக் குறைந்துவிடும். வெட்டு முடிந்து, பால் எடுத்து, அதை உறைய ஊற்றிவிட்டு வந்தபின் மதியம் பல் மருத்துவரிடம் போகலாம். கடையில் வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவதைவிட இது மலிவு. வியர்த்து வேலை செய்கிறவருக்கு அந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இனி நறநறப்பு. பூச்சியைப் பழி சொல்வது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம், ஆனால் பூச்சி மாத்திரையால் பல் கடி நின்றது என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடையாது. உறக்கம் முழுதாகக் கலையாமல் மூளை மட்டும் நொடி நேரம் விழிக்கும்போது தாடைத் தசை இறுகுவதுதான் பல் கடி. மனக் கவலை, சாராயம், புகை, சாயங்காலத்துக்கு மேல் குடிக்கும் கட்டன் காப்பி (பால் விடாத காப்பி) எல்லாம் அதைக் கூட்டும். மனநல மாத்திரைகள் சிலவற்றாலும் வரும். பல் தேயாமல் இருக்க ராத்திரியில் போட்டுக்கொள்ள ஓர் உறை செய்து தருவார்கள். அது பல்லைக் காக்கும், கடிப்பதை நிறுத்தாது.

பலத்த குறட்டையும் காலைத் தலை பாரமும் சேர்ந்து வருவதுதான் எனக்கு உறுத்துகிறது. குறட்டை நடுவில் சட்டென்று நின்று, சில நொடி சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு திணறி மூச்சு இழுக்கிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறாரா? அப்படியென்றால் உறக்கத்தில் மூச்சு அடைபடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அடைபடும் ஒவ்வொரு தடவையும் மூளை விழித்துக்கொள்கிறது. சிலருக்குப் பல் கடியும் கூடவே வருகிறது. உறக்க மாத்திரைகளில் பலவும், அதேபோல் சாராயமும், தொண்டைத் தசையைத் தளர்த்தி அடைப்பை இன்னும் மோசமாக்கும். நான் மறுத்ததற்குப் பெரிய காரணம் இதுதான். இந்தத் தொந்தரவு இருப்பது உறுதியானால், ராத்திரி மாட்டிக்கொள்ளும் காற்று முகமூடியோ, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவியோ கொடுப்பார்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

வாயைத் திறந்து குறட்டை விடுகிறவருக்கு வாய் காய்ந்துபோகும். உறங்கும்போது எச்சில் ஊறுவதும் ரொம்பக் குறைவு. எச்சில் இல்லாத வாயில் சொத்தை விரைந்து பிடிக்கும். கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு அப்படியே படுத்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே படுக்கும் முன் ஃப்ளூரைடு பற்பசையால் பல் தேய்க்கட்டும், அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம். ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழும்புவதும் சேர்ந்துகொள்ளும்.

பல், குறட்டை எல்லாம் சரியானாலும் ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை உறங்குவது ஐந்து மணி நேரம்தான். தொழில் அப்படி, மரம் பால் சுரப்பது அந்தக் குளிரில்தானே. உறக்கம் குறைந்தால் வலியும் கூடுதலாகத் தெரியும். எட்டு மணிக்கே படுக்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் மதியம் ஒன்றரை மணி நேரமாவது உறங்கட்டும்.

குறட்டையும் பல் கடியும் அவருக்குத் தெரியப் போவதில்லை, கேட்டால் "நானா?" என்பார். இன்று ராத்திரி அவர் உறங்கியபின் பத்து நிமிடம் செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது அதையும், அவர் போடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள்.