வாசகர் கேள்வி – வல்லுநர் பதில்: துறைமுகம் தடுப்பது அலையை மட்டுமா?

கேள்வி: கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்காகக் குமரி மாவட்டக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாகக் கல் போனது. இவ்வளவு மலையை உடைத்துக் கடலில் கொட்டுவதற்குப் பதிலாக, நேராக ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பிவிட முடியாதா? – மார்த்தாண்டம் வாசகர்

பதில்: எழுப்பலாம், உலகின் பல துறைமுகங்களில் எழுப்பியும் இருக்கிறார்கள். ஆனால் செங்குத்தான சுவரில் மோதும் அலை தன் ஆற்றலை இழப்பதில்லை. அது திரும்பிவந்து, எதிரே வரும் அலையோடு சேர்ந்து, சுவரின் முன்னே ஏறத்தாழ இரு மடங்கு உயரத்துக்கு எழுவதுடன் அடித்தள மண்ணையும் அரிக்கிறது. கற்குவியலில் நடப்பது வேறு. சரிவில் ஏறும் அலை உடைந்து, கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் புகுந்து, அங்கேயே தன் வேகத்தைத் தொலைக்கிறது. பெரும்புயலில் சில கற்கள் உருண்டாலும் குவியல் நிற்கும், பிறகு சீர்செய்துகொள்ளலாம். சுவரோ சரிந்தால் ஒரேயடியாகச் சரியும்.

இதற்கான விலைதான் அந்த லாரிகள். 20 மீட்டர் ஆழத்தில், நீர்மட்டத்துக்கு மேல் 7 மீட்டர் உயரமும் இருபுறமும் ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் கிடை அகலம்) என்ற சரிவும் கொண்ட குவியலுக்கு, உச்சியின் அகலத்தையும் சேர்த்து, அடியில் மட்டும் சுமார் 90 மீட்டர் அகலம் தேவை. விழிஞ்ஞத்தில் இத்தகைய தடுப்பு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள்கிறது.

குவியலின் நடுவில் சிறு கற்களும், அவற்றின் மேல் நடுத்தரக் கற்களும், வெளியே கவசக் கற்களும் அடுக்கப்படுகின்றன. கவசத்துக்கு அடியில் உள்ள கல்லின் எடை, கவசக் கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது இருக்க வேண்டும். அதைவிட மிகச் சிறிதானால் இடுக்குகள் வழியே அலை அதை உருவி எடுத்துவிடும். கவசக் கல்லின் எடையைக் கணிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஹட்சன் சூத்திரத்தின்படி, அலையின் உயரம் இரட்டித்தால் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவில், உடைந்து மோதும் 4 மீட்டர் அலையைத் தாங்கக் கருங்கல் ஒவ்வொன்றும் சுமார் 10 டன்னுக்கு மேல் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கல் எல்லாக் குவாரியிலும் கிடைக்காது. எனவேதான் 1950-இல் பிரான்சில் உருவான டெட்ராபாட் போன்ற கான்கிரீட் கட்டைகள் வந்தன. நான்கு கால்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால், அதே அலைக்கு நாலரை டன் போதும். இந்தக் கோர்ப்பை அளவுக்கு மீறி நம்புவதும் ஆபத்தே. போர்ச்சுகலின் சீனெஸ் துறைமுகத்தில் 42 டன் எடையுள்ள, உள்ளே கம்பியில்லாத டோலோஸ் என்ற, இதேபோல் கோத்துக்கொள்ளும் கான்கிரீட் கட்டைகள் 1978 பிப்ரவரிப் புயலில் முறிந்து சிதறின.

கேள்வி: மெரினாவில் மணல் இவ்வளவு அகலமாக இருக்க, துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் ஏன் ஊரை அரிக்கிறது? – திருவொற்றியூர் வாசகர்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சென்னைத் துறைமுகம்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருகின்றன. கரையில் ஏறும்போது மணலைச் சாய்வாக ஏற்றும் அலை, இறங்கும்போது நேராக இறங்குகிறது. ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் மணல் சற்று வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் ஓட்டம் திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே, பொறியாளர் வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டப்படி 1876-இல் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின. அதற்கு முன் சென்னையில் இயற்கைத் துறைமுகமே கிடையாது. நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கும் மனிதரும் மசூலாப் படகுகளில் அலையைக் கடந்தே கரை சேர்ந்தனர். 1881 நவம்பர்ப் புயல் கட்டிக்கொண்டிருந்த சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். புயல் உடைத்ததைச் சீர்செய்ய முடிந்தது. மணல் செய்ததை இன்றுவரை சீர்செய்ய முடியவில்லை என்பதே என் கணிப்பு.

தென்சுவரில் தடைப்பட்ட மணல் அங்கேயே தேங்கித் தேங்கிக் கரையைக் கடலுக்குள் தள்ளியது. ஒரு காலத்தில் அலை எட்டும் தூரத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டை இன்று கடலைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். வடபுறத்திலோ, அலைகள் வழக்கம்போல மணலை எடுத்துச் செல்ல, அதை ஈடுசெய்ய வேண்டிய மணல் தெற்கே சிறைப்பட்டுவிட்டது. கரையோரம் கொட்டும் கற்களும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் அந்தந்த இடத்தைக் காக்கும். ஆனால் ஒவ்வொரு வளைவும் தனக்கு வடக்கே உள்ள அடுத்த குப்பத்துக்கு அரிப்பை அனுப்பிவைக்கிறது.

தீர்வு உண்டா என்றால், உண்டு. விசாகப்பட்டினத்தில் பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து ஒரு தடுப்பை உண்டாக்கி, அதன் நிழலில் படியும் மணலைத் தூர்வாரி வடக்கே உள்ள கடற்கரைக்கு அனுப்பும் முறையைக் கையாண்டார்கள். தேங்கும் மணலைக் குழாய் வழியே மறுபக்கம் கொண்டு சேர்க்கும் செலவை, துறைமுகத்தின் கட்டுமானச் செலவோடு முதல் நாளிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: துறைமுகத்தின் வாயில் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டா? – கடலூர் வாசகர்

பதில்: பேரலை வரும் திசையை நோக்கக் கூடாது, ஆனால் கப்பல் பக்கவாட்டுக் காற்றில் தடுமாறாமல் நுழையவும் வேண்டும். சென்னையின் முதல் வாயில் நேர்கிழக்கே பார்த்தது. அலையும் மணலும் நேராக உள்ளே வந்தன. 1904-இல் துறைமுகத் தலைவராகப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து வடகிழக்கில் புது வாயில் அமைத்தார். (சீனிவாச ராமானுஜன் எழுத்தராக வேலைபார்த்த அலுவலகத்தின் தலைவரும் இவரே.)

கேள்வி: கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் துறைமுகத்துக்குள் கட்டி நிறுத்திய கப்பலின் கயிறு அறுவது ஏன்? – தூத்துக்குடி வாசகர்

பதில்: ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நிமிடக் கணக்கில் இடைவெளி உள்ள, கண்ணுக்குத் தெரியாத நீள் அலைகளே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு துறைமுகத் தொட்டிக்கும் தனக்கே உரிய ஆட்டக் காலம் ஒன்று உண்டு. 600 மீட்டர் நீளமும் 14 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீர் சாய்ந்து திரும்ப சுமார் 100 விநாடி ஆகும். தொலைவில் வீசிய புயலின் நீள் அலை அதே கால அளவில் வாயில் வழியே நுழைந்தால், சில சென்டிமீட்டர் உயரமே இருந்தாலும், தொட்டி அதைப் பெருக்கிவிடும். பெரிய கப்பல் தன் கயிறுகளில் முன்னும் பின்னும் ஆடும் காலமும் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு நிமிடம் என்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. வாயிலைக் குறுக்கினால் சிற்றலை அடங்கும். இந்த நீள் ஆட்டமோ சில வேளைகளில் கூடவே செய்யும். ஆகவேதான் வாயிலின் அகலத்தை இறுதி செய்யும் முன், புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், துறைமுகத்தைச் சிறிய அளவில் கட்டி, அலை எழுப்பிப் பார்க்கிறார்கள். கட்டி முடித்த துறைமுகத்தில் எஞ்சியிருக்கும் வழி, கயிற்றின் வகையையும் இறுக்கத்தையும் மாற்றிக் கப்பலின் ஆட்டக் காலத்தைத் தொட்டியின் காலத்திலிருந்து விலக்குவதுதான்.