ஓட்டுப் போட்ட கொள்ளையர்கள்

கேள்வி: கல்லூரி ஆண்டு விழாவுக்குக் கடற்கொள்ளையர் நாடகம் போடுகிறோம். நாயகன் ஹென்றி எவ்ரி. அந்தக் காலத்திலேயே ஓட்டுப் போட்டுத் தலைவனைத் தேர்ந்தெடுத்தவர்கள், கொள்ளையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள், கை கால் போனவனுக்கு நஷ்ட ஈடு கொடுத்தவர்கள் என்று படித்தேன். ராஜாக்களையும் கம்பெனிகளையும் எதிர்த்த புரட்சிக்காரர்கள்தானே இவர்கள்? இவர்களைத் திருடர்கள் என்பது ஆங்கிலேயன் எழுதிய வரலாற்றை அப்படியே ஒப்பிப்பது ஆகாதா?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: நீங்கள் சொன்னதில் சரியானதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓட்டு உண்மை, பங்கும் உண்மை. பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்ற வேல்ஸ்காரக் கொள்ளையனின் கப்பலில் எழுதிவைத்த சட்டமே இருந்தது. முக்கியமான முடிவுகளில் எல்லோருக்கும் ஓட்டு. காசு வைத்துச் சூதாடக் கூடாது. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சண்டையில் கையோ காலோ போனவனுக்கு 800 வெள்ளிக் காசு. கேப்டனுக்கு இரண்டு பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒன்று. அதே காலத்து வணிகக் கப்பலில் சம்பளம் பாக்கி, புழுத்த ரொட்டி, எதிர்த்துப் பேசினால் சவுக்கு. எவ்ரியே அப்படிப் பொங்கியவன்தான். ஸ்பெயினின் கொருன்னா துறைமுகத்தில் மாதக்கணக்கில் சம்பளம் தராமல் நிறுத்திவைத்திருந்த 'இரண்டாம் சார்லஸ்' என்ற கப்பலை 1694இல் சக மாலுமிகளோடு சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளப்பிக்கொண்டு போனான். பெயரையும் 'ஃபேன்சி' என்று மாற்றினான். இதுவரை நானும் உங்கள் கட்சிதான்.

சரி, அந்தக் கப்பல் அப்புறம் எங்கே போனது? சம்பளம் தராத முதலாளியைத் தேடியா? இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. 1695 செப்டம்பரில் ஹஜ் முடித்துச் சூரத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல்களுக்காகக் காத்திருந்தது. முதலில் அப்துல் கஃபூர் என்ற சூரத் வியாபாரியின் கப்பல் சிக்கியது. அடுத்து ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்'.

அந்தச் சமயத்தில் சூரத் பக்கம் உத்தியோகத்தில் இருந்தவர் கஃபி கான். பாரசீக மொழியில் அவர் எழுதிவைத்த வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது. கஞ்ச்-இ-சவாய் சோதாக் கப்பல் இல்லை, 80 பீரங்கி, 400 துப்பாக்கி என்று கணக்குச் சொல்கிறார். அரேபியத் துறைமுகங்களான மோக்காவிலும் ஜித்தாவிலும் சரக்கு விற்ற பணம் 52 லட்ச ரூபாய் உள்ளே. சண்டை தொடங்கியதும் அதன் பீரங்கி ஒன்று தானே வெடித்துப் பக்கத்தில் நின்றவர்களைக் கொன்றது. எதிரியின் குண்டு பட்டுப் பெரிய பாய்மரம் சேதமானது. கொள்ளையர்கள் கத்தியோடு ஏறிவர, கேப்டன் இப்ராஹிம் கான் கீழ்த்தளத்துக்கு ஓடினார். அங்கே இருந்த அடிமைப் பெண்களின் தலையில் தலைப்பாகையைக் கட்டி, கையில் வாளைக் கொடுத்து, 'போய்ச் சண்டை போடுங்கள்' என்று மேலே அனுப்பினாராம். இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வருகிறது.

அடுத்த வரிகளில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கப்பலைத் துருவினார்கள். ஆண்களின் துணியைக்கூட விடாமல் பறித்தார்கள். பெண்களைக் கிழவி, குமரி என்று பார்க்காமல் சீரழித்தார்கள். சில பெண்கள் கடலில் குதித்தார்கள், சிலர் கத்தியால் குத்திக்கொண்டார்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்த அந்தப் பெண்கள் உங்கள் எவ்ரிக்கு என்ன சம்பள பாக்கி வைத்திருந்தார்கள்? ஊரை அடித்து உலையில் போட்டவன் சோற்றை அளந்து சமமாகப் போட்டான் என்பதற்காக அவனை வள்ளல் என்று யாரும் சொல்வதில்லை.

ராபர்ட்ஸின் சட்டமும் அவன் கப்பல் விளிம்போடு சரி. 1722 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவில் 'விடா' என்ற துறைமுகத்தில் நின்ற அடிமைக் கப்பல்களை மடக்கி, கப்பலுக்கு இவ்வளவு தங்கப் பொடி என்று பணயம் வசூலித்தான். ஒரு கேப்டன் தர மறுத்தார். அந்தக் கப்பலைக் கொளுத்தினார்கள். உள்ளே இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பூட்டப்பட்ட சுமார் 80 கறுப்பர்கள். விலங்கை அவிழ்க்க நேரமாகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இருந்த வழி இரண்டு: நெருப்பு, இல்லாவிட்டால் சுறா மீன். அவர்களில் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை.

'ஆங்கிலேயன் எழுதிய வரலாறு' என்றீர்களே, அங்கேதான் நீங்கள் தலைகீழாக நிற்கிறீர்கள். எவ்ரியை நாயகன் ஆக்கியதே லண்டன்தான். முகலாய இளவரசியைக் கல்யாணம் செய்துகொண்டு மடகாஸ்கரில் ராஜாவாக இருக்கிறான் என்று 1709இல் புத்தகம் போட்டார்கள். 1712இல் ட்ருரி லேன் கொட்டகையில் அவனை வைத்து நாடகமே நடந்தது. நீங்கள் முந்நூறு வருஷம் தாமதம். நிஜ எவ்ரி 1696இலேயே தலைமறைவானவன், என்ன ஆனான் என்று ஒருவருக்கும் தெரியாது.

கோர்ட்டில் நடந்த கூத்து இதைவிடப் பிரமாதம். இந்தப் பக்கம் ஔரங்கசீப் சூரத் ஆங்கிலேயர்களை விலங்கு மாட்டி உட்காரவைத்துவிட்டார். வியாபாரம் போய்விடும் என்று பயந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆங்கிலேய அரசாங்கமும் எவ்ரியின் ஆட்கள் ஆறு பேரைப் பிடித்து 1696இல் லண்டனில் விசாரித்தன. கஞ்ச்-இ-சவாயைக் கொள்ளையடித்த வழக்கில் ஜூரிகள் 'குற்றவாளி இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். பதறிப்போன அரசாங்கம் சில நாட்களில் வேறு ஜூரியை உட்காரவைத்து வேறு வழக்குப் போட்டது: கொருன்னாவில் ஆங்கிலேயக் கப்பலைத் திருடியது. இந்த முறை குற்றவாளிகள். ஐந்து பேர் தூக்கில் தொங்கினார்கள். நம் பக்கத்துக் கப்பலைச் சூறையாடியதற்காக அல்ல, தங்கள் கப்பலைத் தொட்டதற்காக.

ஆங்கிலேயன் அநியாயமாகத் திருடன் பட்டம் கட்டிய ஆள்தான் வேண்டும் என்றால் கன்ஹோஜி ஆங்ரே இருக்கிறார். மராட்டியக் கடற்படைத் தலைவர், 1729இல் இறந்தார். கொங்கணக் கரையோரம் போகும் கப்பல்கள் தன்னிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார், வாங்காதவற்றைப் பிடித்தார். போர்ச்சுக்கீசியர்கள் அவருக்கு முன்பே இருநூறு வருஷமாகச் செய்துவந்த அதே வேலை. கம்பெனி ஃபைல்களில் அவர் கொள்ளைக்காரன். மும்பைக் கடற்படைத் தளத்துக்கு இன்று ஐ.என்.எஸ். ஆங்ரே என்று பெயர்.

தோளில் கிளி, ஒற்றைக் கால் எல்லாம் ஸ்டீவன்சன் 1881இல் தொடராக எழுத ஆரம்பித்த 'புதையல் தீவு' தந்த சீதனம். பலகையில் நடக்கவைத்துக் கடலில் தள்ளுவது மேடைக்கு வசதி, எவ்ரி காலத்து ஆவணங்களில் அதைத் தேடாதீர்கள். புதையலைப் புதைத்ததற்கு நல்ல சாட்சியோடு இருப்பவன் கேப்டன் கிட். 1699இல் நியூயார்க் பக்கம் ஒரு தீவில் புதைத்தான். அதிகாரிகள் அதே வருஷம் தோண்டி எடுத்துவிட்டார்கள், 1701இல் அவனைத் தூக்கிலும் போட்டார்கள்.

நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள். கிளியும் இருக்கட்டும், கைதட்டல் வாங்கும். ஆனால் முதல் காட்சியை எவ்ரியின் கப்பலில் வைக்காமல் கஞ்ச்-இ-சவாயின் கீழ்த்தளத்தில் வைத்துப் பாருங்கள். இப்ராஹிம் கான் வேடத்துக்கு உங்கள் கல்லூரியின் நல்ல காமெடி நடிகரைப் போடலாம். தலைப்பாகை கட்டி மேலே அனுப்பப்படும் பெண்களுக்கு மட்டும் சிரிப்பு வசனம் எழுதிவிடாதீர்கள்.