நுண்கணிதம்: பள்ளியிலா, கம்யூனிட்டி காலேஜிலா?

கேள்வி: கலிபோர்னியாவில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, அடுத்த ஆண்டு நுண்கணிதத்தைப் பள்ளியின் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் (பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம்) வகுப்பில் படிப்பதா, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு உள்ளூர் அரசுக் கல்லூரி) படிப்பதா என்று கேட்கிறாள். இங்கே தமிழ்வழியில் பிளஸ் டூ கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எது தரமானது?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: ஐயா, பாடப்பொருளைப் பார்த்தால் இரண்டும் ஒரே தரம்தான். பள்ளி வகுப்பில் ஏ.பி. (AB), பி.சி. (BC) என இரு நிலைகள் உண்டு, ஏ.பி. ஏறக்குறைய கல்லூரியின் முதல் செமஸ்டருக்கும், பி.சி. இரண்டு செமஸ்டர்களுக்கும் சமம். நீங்கள் பிளஸ் டூவில் நடத்திய பகுதித் தொகையிடல்கூட ஏ.பி.யில் இல்லை, பி.சி.யில்தான் வருகிறது, ஆகவே முதல் நிலையில் பேத்திக்கு நீங்களே தாராளமாகத் துணை நிற்கலாம்.

உங்களுக்குப் புதிதாக இருக்கக்கூடியது பி.சி.யில் வரும் முடிவிலித் தொடர்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரின் உறுப்புகள் சுருங்கிக்கொண்டே போனாலும் கூடுதல் எல்லையின்றி வளர்கிறது. ஏனெனில் 1/3 + 1/4 அரையைவிடப் பெரிது, 1/5 முதல் 1/8 வரையிலான நான்கும் சேர்ந்து அரையைவிடப் பெரிது, இப்படி அரை அரையாக முடிவின்றிச் சேர்கிறது. 1 + 1/4 + 1/9 + … என்பதோ 2-ஐ எட்டுவதே இல்லை. இந்த வேறுபாட்டைத் தன் சொல்லில் விளக்கும் அளவுக்கு அவள் தேறவேண்டும். எங்கே படித்தாலும் மாணவர்கள் திணறும் இடம் இதுதான்.

உண்மையான வேறுபாடு வேகத்திலும் மதிப்பெண் பதிவாகும் விதத்திலும் இருக்கிறது. பள்ளி ஓராண்டில் நடத்தும் ஏ.பி. பாடத்தைக் கல்லூரி ஏறக்குறைய நான்கு மாதத்தில் முடித்துவிடும். அங்கே வாங்கும் கிரேடு, நல்லதோ கெட்டதோ, கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக நிற்கும். பள்ளி வழியில் மே மாதப் பொதுத்தேர்வுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள். குறைந்துவிட்டால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு அதை அனுப்பாமல் விடலாம். தவிர, அந்தத் தேர்வை அமெரிக்கா முழுவதும் அறிவார்கள். கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டை (முடித்த பாடத்துக்கான தகுதிப் புள்ளி) கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் தடையின்றி ஏற்றாலும், வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் சில ஏற்பதில்லை.

ஆகவே பள்ளியில் பி.சி. இருந்தால் பதினொன்றாம் வகுப்பில் அதையே எடுக்கட்டும். ஏ.பி. மட்டும்தான் இருக்கிறது, பேத்தியும் வேகமாகப் பிடித்துக்கொள்பவள் என்றால் கல்லூரியே மேல். பி.சி. முடித்த பிறகு, பள்ளித் திட்டத்தில் இல்லாத பல்மாறி நுண்கணிதத்தைப் பன்னிரண்டில் கம்யூனிட்டி காலேஜில் படிப்பதுதான் என் பார்வையில் மிகச் சிறந்த வழி. தேர்வு முடிவு ஜூலையில் வரும், கல்லூரி ஆகஸ்டில் தொடங்கிவிடும் என்பதால், பி.சி. மதிப்பெண்ணை முன்தகுதியாக ஏற்பார்களா என்று கல்லூரி ஆலோசகரிடம் வசந்தகாலத்திலேயே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.