புள்ளிகளைச் சேர்ப்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண் ஒரு கேமரா மாதிரி என்றுதான் பள்ளியில் படித்தேன். விழித்திரையில் படம் விழுந்துவிட்டால் பார்த்தாயிற்று. அப்புறம் மனதுக்கு என்ன வேலை?

வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. விழித்திரையில் விழும் படத்தை அப்படியே எடுத்துக் காட்ட முடிந்தால், இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினோம் என்று கேட்பீர்கள். நடுவில் சுமார் 2 டிகிரி அகலம், அதாவது நீட்டிய கையின் கட்டைவிரல் மறைக்கிற அளவு, அவ்வளவுதான் நல்ல கூர்மை. அதைத் தாண்டினால் எல்லாம் மங்கிக்கொண்டே போகும். போதாததற்கு நரம்பு வெளியேறுகிற இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது, ஆக ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப்புள்ளி. 1660களில் எட்ம் மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த விஷயம் இது.

நீங்களே சோதிக்கலாம். காகிதத்தில் ஒரு கூட்டல் குறி போடுங்கள், அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி காகிதத்தை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போகும். ஆனால் அந்த இடத்தில் கறுப்பு ஓட்டை எதுவும் தெரியாது, வெறும் வெள்ளைக் காகிதம்தான் தெரியும். சுற்றிலும் வெள்ளை என்பதால் அங்கேயும் வெள்ளைதான் இருக்கும் என்று உங்களைக் கேட்காமலே முடிவாகிவிட்டது.

இந்த முடிவுகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பதை ஜெர்மனியில் மாக்ஸ் வெர்த்தைமர் 1923ல் எழுதிய கட்டுரை தெளிவாகக் காட்டியது. துண்டுகளை மனம் எப்படி முழு உருவமாகக் காண்கிறது என்று ஆராய்கிற கெஸ்டால்ட் உளவியல் என்று சொல்கிறோமே, அதன் அடிப்படை எழுத்துகளில் ஒன்று அது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை மனம் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும். நிறமோ வடிவமோ ஒத்திருந்தாலும் அப்படியே. ஒரு கோடு வளைந்து போனால், அது திடீரென்று முறியாமல் அதே போக்கில்தான் தொடரும் என்று நம்பும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சேர்ந்து அசைவது சேர்ந்த பொருள் என்கிற விதி. புதருக்குள் மான் அசையாமல் நின்றால் இலைகளும் புள்ளிகளும் நிழலும்தான் தெரியும். அது ஓரடி எடுத்து வைக்கட்டும், சிதறிக் கிடந்த அந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே நொடியில் மானாகிவிடும். யோசித்துக் கண்டுபிடித்தது போலவா இருக்கிறது? இல்லவே இல்லை, அது மானாகவேதான் தெரிகிறது.

கேள்வி: ஓரிடம் வெட்டிய மூன்று கறுப்பு வட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை முக்கோணம் தெரிகிறது. ஆனால் அங்கே கோடே இல்லை! இது கண்ணின் கோளாறுதானே?

1955ல் இத்தாலிய உளவியலாளர் கானிட்ஸா வெளியிட்ட படம் அது. கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று வட்டங்களும் ஒரே கோணக் கணக்கில் தற்செயலாக வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. முழு வட்டங்களின் மேல் ஒரு முக்கோணம் கிடக்கிறது என்பதுதான் நம்பத்தக்க விளக்கம். உலகத்தில் பொருள்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டேதான் இருக்கின்றன, அங்கே இதே ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்னொன்று, இல்லாத இந்த விளிம்புக்கும் துடிக்கிற நரம்பு செல்கள் குரங்குகளின் மூளையில் இருப்பதை 1984ல் பதிவு செய்தார்கள், அதுவும் பார்வைப் பாதையின் மிக ஆரம்பக் கட்டத்தில். கோடு இல்லை என்று தெரிந்த பிறகும் முக்கோணம் மறையாமல் இருப்பது ஏன் என்பது இதிலிருந்து ஓரளவு புரியும்.

கேள்வி: சுவர்க் கறையில், மேகத்தில், எதைப் பார்த்தாலும் முகம் தெரிகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். எல்லோருக்கும் தெரிகிறது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையே முகம் போன்ற அமைப்பின் பக்கம் அதிகம் திரும்பும். 1976ல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் எடுத்த ஒரு படத்தில் முகம் தெரிந்து உலகமே பேசியது. 2001ல் தெளிவான படம் வந்தபோது அது வெறும் குன்று.

கேள்வி: பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குச் சிகிச்சையில் பார்வை வந்தால், உடனே நம்மைப் போலப் பார்ப்பாரா?

இதே கேள்வியை 1688ல் வில்லியம் மொலினோ, தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார்: தொட்டே கோளத்தையும் கனசதுரத்தையும் அறிந்தவர், பார்வை வந்ததும் தொடாமல் அடையாளம் சொல்வாரா? முன்னூறு வருடத்துக்கும் மேல் வாதமாகவே இருந்த இதற்கு இந்தியாவில் நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தின் வழியே ஒரு பதில் கிடைத்தது. பார்வையற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்து, அவர்கள் பார்க்கப் பழகுவதை ஆராய்கிற திட்டம் அது. சிகிச்சை பெற்ற 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேரைச் சோதித்து 2011ல் வெளியிட்டார்கள். தொட்டு அறிந்ததைக் கண்ணால் அடையாளம் காண உடனே முடியவில்லை, ஆனால் சில நாட்களிலேயே நன்றாக முன்னேறினார்கள்.

அதைவிட என்னை அசைத்தது இதே திட்டத்தின் வேறு ஆய்வு. பார்வை கிடைத்துச் சிறிது காலமே ஆனவர்களுக்கு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இரண்டு உருவங்களைக் காட்டினால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் அவை தனித்தனித் துண்டுகளாகவே தெரிந்தன. நமக்கு ஒரு சதுரமும் ஒரு வட்டமும் என்று எந்த முயற்சியும் இல்லாமல் தெரிகிற படம்! அதே உருவங்களை நகர்த்திக் காட்டினால் அவர்களாலும் பிரித்துச் சொல்ல முடிந்தது. மான் நகர்ந்த கதையேதான். எதோடு எது சேரும் என்பதில் கணிசமான பங்கை நாம் பார்த்துப் பார்த்தே பழகியிருக்கிறோம், அந்தப் பழக்கத்துக்கு முதலில் கை கொடுப்பது அசைவு என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

கேள்வி: அறிவிப்புப் பலகை எழுதுவது என் வேலை. எழுத்தைப் பெரிதாக்கினாலும், வண்ணம் மாற்றினாலும் படிக்கிறவர்கள் குழம்புகிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் இடைவெளியைப் பாருங்கள். தலைப்புக்கு மேலேயும் கீழேயும் ஒரே அளவு இடம் விட்டிருந்தால், அது மேலே உள்ள பத்தியோடு சேருமா, கீழே உள்ளதோடு சேருமா என்று கண்ணுக்குத் தெரியாது. கீழே குறையுங்கள், மேலே கூட்டுங்கள். நேரமும் இடமும் ஒரே நிகழ்ச்சிக்கு உரியவை என்றால் ஒட்டியே எழுதுங்கள், அடுத்த நிகழ்ச்சிக்கு முன் தாராளமாக வெற்றிடம் விடுங்கள். எல்லாவற்றையும் கட்டம் கட்டிப் பிரிக்காதீர்கள், கோடுகளே தனிக் கூட்டமாகி எழுத்தோடு போட்டி போடும். வண்ணம் வேண்டுமென்றால் ஒரே வகைத் தகவலுக்கு ஒரே வண்ணம், அதற்கு மேல் வேண்டாம். இதைச் செய்த பிறகும் குழப்பம் இருந்தால் பலகையின் வாசகத்தை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.