மின்மலரில் படமும் காணொளியும்

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய மாணவியர் சங்கத்துக்காக அடோபி இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் மின்மலர் ஒன்றை வடிவமைக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே கரையும் நிழலும் இட வேண்டியிருக்கிறது. சேர்த்த காணொளியோ பீடிஎப் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் இயங்குவதில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: முதலில் ஒரே ஒரு படத்தை உங்கள் மனத்துக்கு நிறைவாகும்வரை அலங்கரித்து, அதைத் தெரிவுசெய்த நிலையிலேயே ‘ஒப்ஜெக்ட் ஸ்டைல்ஸ்’ பலகத்தில் புதிய பாணியாகச் சேமித்து, அப்பாணியை ஏனைய படங்களுக்கும் வழங்குங்கள். பின்னர் கரையின் நிறத்தை மாற்ற விரும்பினால், பாணியைத் திருத்தினாலே போதும், எல்லாப் படங்களும் சேர்ந்து மாறிவிடும். பாணியின் பெயருக்கருகே கூட்டல் குறி தெரிந்தால், அந்தப் படத்தில் தனியாக ஏதோ மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். மலரின் பக்கங்கள் ஒரே சீராக அமைவது பெரிதும் இந்தப் பழக்கத்தில்தான் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

காணொளியை எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையில் அமைந்த எம்பி4 கோப்பாகவே சேருங்கள். அதன் முகப்புப் படத்தை ‘மீடியா’ பலகத்தில் தெரிவுசெய்யலாம். ஆனால் அச்சுக்கான பீடிஎப்பில் காணொளி இயங்காது. காணொளி இயங்கக்கூடிய ஊடாடும் (இன்டரெக்டிவ்) பீடிஎப்பாக ஏற்றுமதி செய்தாலும் கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் அது இயங்குவதில்லை. ஆகவே நிலையான பக்க அமைப்புடைய ஈபப் என்ற மின்னூல் கோப்பாக ஏற்றுமதி செய்து, வாசகியர் பயன்படுத்தும் செயலிகளிலேயே சோதித்துப் பாருங்கள். பார்வைக் குறைபாடுள்ளோர் திரைவாசிப்பானில் கேட்டறியும்படி, ஒவ்வொரு படத்துக்கும் ‘ஒப்ஜெக்ட் எக்ஸ்போர்ட் ஒப்ஷன்ஸ்’ வழியாகத் தமிழிலேயே மாற்று விளக்கம் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.